பைல் (கடலடித் தூண்) பார்க்க யாரை இறக்குவது? இராமநாதபுரம் கடலுக்கு ஆர்.ஓ.வி., டைவர், சோனார்

ஆர்.ஓ.வி., அதாவது மேலேயிருந்து கேபிள் வழியாகத் தண்ணீருக்குள் ஓட்டும் ஆளில்லாக் கருவி, விற்க வருகிறவர்கள் முதலில் காட்டுவது ஆழத்தைத்தான். நூறு மீட்டர் போகும், முந்நூறு மீட்டர் போகும் என்பார்கள். இராமநாதபுரம் கரையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 10 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கிறது, 15 மீட்டரைத் தேடித்தான் போக வேண்டும். ஜெட்டியும் (படகு அணையும் மேடை) மீன் கூண்டும் நிற்கும் இடங்கள் அதைவிடவும் குறைவு. மீனவர் கணக்கில் இரண்டு பாகம், மூன்று பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி). மன்னார் வளைகுடாப் பக்கம் தீவுகளைத் தாண்டிப் போனால் ஆழம் உண்டு, ஆனால் அங்கே நாம் ஆய்வு செய்ய வேண்டிய கட்டுமானம் கிடையாது.

இங்கே தொல்லை தருபவை வேறு. முதலாவது கலங்கல். அடுத்தது நீரோட்டம். மூன்றாவது, தூணை முழுக்க மூடிக்கொள்ளும் சிப்பியும் பாசியும். ஒரு கருவியையோ ஆளையோ தேர்ந்தெடுக்கும்போது இந்த மூன்றுக்கும் அவர்களிடம் என்ன பதில் இருக்கிறது என்று கேட்டால் போதும், ஆழக் கணக்கை ஓரமாக வைத்துவிடலாம்.

மீன் இறங்குதளத்தைப் பராமரிக்கும் பொறியாளர், இறால் குஞ்சு பொரிப்பகத்துக்குக் கடல் தண்ணீர் இழுக்கும் குழாய் வைத்திருப்பவர், மண்டபம் பக்கம் கடல் விரால் கூண்டு போட்டிருக்கும் குழுவினர், இவர்களிடம் வேலை எடுக்கும் சிறு ஒப்பந்தக்காரர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பாம்பன் பாலங்களைப் பார்த்துக்கொள்ளப் பெரிய துறைகள் இருக்கின்றன. ஆனாலும் 1914-இல் திறந்த ரயில் பாலம், 1988-இல் திறந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய ரயில் பாலம் என மூன்று தலைமுறைக் கட்டுமானம் ஒரே கால்வாயில் பக்கத்துப் பக்கத்தில் எழுந்த இடம் அது. உதாரணத்துக்கு அங்கே போகாமல் இருக்க முடியாது.

எதைத் தெரிந்துகொள்ளப் பணம் கொடுக்கிறீர்கள்?

தண்ணீருக்கடியில் பார்க்கும் வேலையை உலகெங்கும் மூன்று நிலையாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் சுற்றி நீந்தி, கண்ணால் பார்த்து, கையால் தடவிப் பெரிய சேதம் இருக்கிறதா என்று சொல்வது. இரண்டாம் நிலையில் சில தூண்களைத் தேர்ந்தெடுத்து, சில பட்டைகளில் சிப்பியைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் கான்கிரீட்டையோ இரும்பையோ நேராகப் பார்ப்பது. மூன்றாம் நிலையில் அளவுக்கருவி வைத்து இரும்பின் கனம் எவ்வளவு மீதி, கான்கிரீட் உள்ளே எப்படி இருக்கிறது என்று எண்ணாக எடுப்பது.

சிறு ஆர்.ஓ.வி. நன்றாகச் செய்வது முதல் நிலையை. இரண்டாவதில் தடுமாறும். மூன்றாவதில் சில அளவுகளை மட்டும் எடுக்கும். விளம்பரப் படத்தில் மூன்றையும் செய்வதுபோல் தெரியும். அந்தப் படத்தில் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள், அநேகமாக நீலமாக இருக்கும்.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. உலகிலேயே மயாமிக்கு அடுத்து அதிகமாக இரும்பை அரிக்கும் இடம் பாம்பன் என்று சொல்வது வழக்கம். தரவரிசை எப்படியோ, அரிப்பு கடுமையானது என்பதை இங்கே வீட்டு ஜன்னல் கம்பியே சொல்லிவிடும். ஆனால் அந்த அரிப்பு தூணின் அடியில் உச்சத்தில் இருப்பதில்லை. அலை தெறிக்கும் பட்டையிலும், வற்றுமட்டத்துக்குச் சற்றுக் கீழேயும்தான் இரும்பு வேகமாகப் போகும். நம் பக்கம் ஓதத்தின் (கடல் மட்டத்தின் அன்றாட) ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அந்தப் பட்டையும் குறுகலானது. வற்று நேரத்தில் வள்ளத்தில் போய்ச் சுத்தியலும் சுரண்டியும் வைத்துக்கொண்டு அதில் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். ஆர்.ஓ.வி.க்கோ அதுதான் மிக மோசமான இடம். பாதி உடம்பு தண்ணீரில், பாதி காற்றில், அலை ஒவ்வொன்றும் தூக்கி அடிக்கும்போது மோட்டார்களுக்குப் பிடிமானமே இருக்காது. ஆக, சேதம் அதிகம் இருக்கக்கூடிய பட்டையைக் கருவியிடம் விட்டுவிட்டு வந்தால், அழகான வீடியோ கிடைக்கும், கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காது.

எந்தக் கடல், எந்த மாதம்

தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் ஆனி, ஆடி, ஆவணியில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும். வடகிழக்குக் காற்றான வாடை பிடித்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இது அப்படியே மாறும். மண்டபத்துப் படகுகள் காலத்துக்கேற்ப வடக்கும் தெற்குமாக இடம் மாறுவது இதனால்தான். ஆய்வுக்காரரும் அதேபோல் மாறிக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து ஒரு குழுவை அழைத்து ஆடி மாதம் தென்கடலில் இறக்கச் சொன்னால், அவர்கள் அறையில் உட்கார்ந்திருக்கும் நாட்களுக்கும் நீங்கள்தான் பணம் கொடுப்பீர்கள். காத்திருப்புக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் கீழே சின்ன எழுத்தில் இருக்கும்.

இரு பக்கத்துக்கும் பொதுவாக நல்ல காலம் மாசி, பங்குனி. அதற்கடுத்து விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் வருகிறது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுகளின் விசிறி அடிச்சேற்றைக் கிளப்பாததால் இறங்குதளத்தைச் சுற்றியுள்ள தண்ணீர் அப்போது ஓரளவு தெளியும். ஆனால் எல்லாப் படகும் ஜெட்டியிலேயே ஒட்டி ஒட்டிக் கட்டிக் கிடக்கும், பைலை நெருங்க வழியிருக்காது. சங்கத்தோடு முன்கூட்டிப் பேசி ஒரு பக்கத்தை இரண்டு நாளுக்குக் காலி செய்து தரச் சொல்லிவிட்டால், தடைக்காலத்தின் முதல் பாதி நல்ல நேரம்.

தெளிவை அளக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வெள்ளைத் தட்டு, நடுவில் கயிறு, கீழே கனம். கண்ணுக்கு மறையும் வரை இறக்கிக் கயிற்றில் முடிச்சுப் போடுங்கள். 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் செய்த முறை இது, இன்றும் கடல் ஆராய்ச்சிக் கப்பல்களில் இருக்கிறது. தட்டு ஒரு மீட்டருக்குள்ளேயே மறைந்தால் கேமராவை நம்பும் எந்த முறையும் அன்றைக்கு வீண். விளக்கைக் கூட்டினால் இன்னும் மோசம்: ஒளி சேற்றுத் துகளில் பட்டுத் திரும்பி வந்து திரையை வெள்ளையாக்கிவிடும். இரண்டு மீட்டருக்கு மேல் தெரிந்தால் ஆர்.ஓ.வி.யைப் பற்றிப் பேசலாம். இடையில் இருந்தால் கருவி தூணை ஒட்டியே போக வேண்டும், வேலை நேரம் பல மடங்கு நீளும். அழைப்பதற்கு முந்தைய வாரம் தினமும் இதைச் செய்து குறித்து வைத்தால், வருகிற குழுவிடம் பேசும்போது உங்கள் கை ஓங்கியிருக்கும்.

ஆள் இறங்கினால்

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளித்துப் பழகியவர்கள் இந்தக் கரையின் பழைய ஆய்வாளர்கள். கூண்டு வலையில் கிழிசல் இருக்கிறதா, நங்கூரக் கயிறு எங்கே தேய்ந்திருக்கிறது, ஜெட்டி அடியில் படகு மூழ்கிக் கிடக்கிறதா என்பதையெல்லாம் மூச்சைப் பிடித்து இறங்கி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் கலங்கியிருந்தாலும் கை பார்த்துவிடும். நான் பார்த்தவரை, மூன்று பாகத்துக்குள் தடவிப் பார்க்கும் வேலைக்கு இவர்களைவிட விரைவான வழி கிடையாது. குறை என்னவென்றால் பதிவு இருக்காது. “மூணாவது தூண்ல கீழ ஒரு பொந்து இருக்குண்ணே” என்பதை வைத்து மதிப்பீடு போட முடியாது. தலையில் ஒரு சிறு கேமராவைக் கட்டிவிட்டு, கையில் அளவு குறித்த குச்சி ஒன்றைக் கொடுத்து, தூணுக்கு எண் அட்டை தொங்கவிட்டால் பாதிக் குறை தீரும்.

காற்றுக்குழாயோடு இறங்கும் தொழில்முறை டைவர் வேறு ரகம். ஒருவர் கீழே இருந்தால் மேலே குழாயைப் பார்த்துக்கொள்ள ஒருவர், அவசரத்துக்கு இறங்கத் தயாராக இன்னொருவர், பேசவும் பதியவும் ஒரு மேற்பார்வையாளர் என்று குழுவாகத்தான் வர வேண்டும். செலவு கூடத்தான். ஆனால் இரண்டாம், மூன்றாம் நிலை வேலைக்கு இவர்களை விட்டால் ஆள் இல்லை. காரணம் எளிது. தூணில் சிப்பியைச் சுரண்ட வேண்டுமானால் எதிர்ப்பக்கம் ஒரு பிடி வேண்டும். டைவர் ஒரு கையால் தூணைக் கட்டிக்கொண்டு மறுகையால் சுரண்டுவார். மிதக்கும் கருவிக்கு அந்தப் பிடி இல்லை. பிரஷ்ஷை வைத்து அழுத்தினால் கருவிதான் பின்னால் போகும். கனம் அளக்கும் மீயொலிக் கருவியையும் சுத்தமான இரும்பில் நேர்செங்குத்தாக அசையாமல் வைக்க வேண்டும். கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டி, உள்ளே பொள்ளலா என்று காதால் கேட்பதும் ஆளுக்கு மட்டும் முடிந்த காரியம்.

ஒரு எச்சரிக்கை. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை வள்ளத்தில் வைத்துக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்கும் பழக்கம் உண்டு. குறைந்த கூலிக்குக் கிடைக்கிறது என்று இதை ஒரு தெரிவாகவே கருதாதீர்கள். இன்ஜின் புகை உள்ளே இழுக்கப்பட்டால் மூச்சுக்காற்றோடு கார்பன் மோனாக்சைடு போகும். அப்புறம், அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் நுரையீரல் கிழிய இரண்டு மூன்று மீட்டர் ஆழமே போதும். “ஆழம் கம்மிதானே” என்ற சமாதானம் இங்கே செல்லாது. சங்கு குளிக்கிறவர் வெறும் மூச்சில் இறங்கும்போது இந்த ஆபத்து இல்லை. அதே ஆளிடம் குழாயைக் கொடுத்ததும் அது வந்துவிடுகிறது.

கருவி இறங்கினால்

ஆர்.ஓ.வி.க்களில் சிறியவை சூட்கேஸ் அளவுதான் இருக்கும். ஆறோ எட்டோ மோட்டார், ஒரு கேமரா, விளக்கு, ஆழமானி, திசைகாட்டி. உலகெங்கும் அதிகம் புழங்கும் சிறு வகைகளில் ஒன்றான புளூஆர்ஓவி2, அசையாத் தண்ணீரில் நொடிக்கு 1.5 மீட்டர் வேகம் வரை போகும். நம் நாட்டிலும் செய்கிறார்கள்: சென்னை ஐஐடியில் முளைத்த பிளானிஸ், கொச்சியின் ஐரோவ் ஆகியவை அணை, பாலம், துறைமுக வேலைகளுக்குக் கருவியோடு ஆளையும் அனுப்புகின்றன. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 6000 மீட்டருக்கென்று ரோசப் 6000 என்ற கருவியையே உருவாக்கியது. அது ஆழ்கடல் ஆராய்ச்சிக்கு. ஜெட்டி பார்ப்பவருக்கு அதோடு சம்பந்தமில்லை.

1.5 மீட்டர் என்ற வேகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீரின் இழுவை வேகத்தின் இருமடிப்பெருக்கத்தில் கூடும், கேபிளும் சேர்ந்து இழுக்கும். நொடிக்கு அரை மீட்டர் ஓட்டத்திலேயே சிறு கருவியால் ஒரு தூணின் முன் நிலையாக நிற்பது பாடாகிவிடும். பாம்பன் கால்வாயில் ஓட்டம் அதைச் சுலபமாகத் தாண்டும். தூண்களுக்கிடையில் இன்னும் இறுகும். ஓட்டம் திரும்புவதற்கு முன் தண்ணீர் சற்று அடங்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அங்கே எந்த வேலையும், ஆளுக்கும் கருவிக்கும்.

ஓட்டுபவருக்கு வேறு இரண்டு தொல்லைகள். இரும்புப் பைலுக்கு அருகே திசைகாட்டி பொய் சொல்லும். ஜிபிஎஸ் தண்ணீருக்குள் வேலை செய்யாது. ஆகவே கலங்கலில் “இப்போது எந்தத் தூணில் இருக்கிறேன்” என்பதே தெரியாமல் போகலாம். ஒலியால் இடம் காட்டும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் இரண்டு பாகத் தண்ணீரில் ஒலி அடியிலும் மேற்பரப்பிலும் தூண்களிலும் மோதி எதிரொலிப்பதால் அவையும் தாவும். அடுத்தது தங்கூசி வலை, அதாவது மெல்லிய நைலான் இழை வலை. அறுந்து போன வலைத் துண்டு ஜெட்டி அடியில் எப்போதும் கிடக்கும். மோட்டார் அதை இழுத்துச் சுற்றிக்கொண்டால் கருவி அங்கேயே நின்றுவிடும். கடைசியில் அதை எடுக்க ஒரு குளியாளைத்தான் இறக்க வேண்டும். ஆளுக்குப் பதிலாகக் கருவி என்று முடிவு செய்தவர்கள் அன்றைக்கு ஆளைத் தேடி அலைவார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, கருவி தெளிவாக ஜெயிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். கடல் தண்ணீர் இழுக்கும் குழாய். உப்பகற்றும் ஆலையோ, இறால் குஞ்சு பொரிப்பகமோ, எதுவானாலும் உறிஞ்சு வாயில் சல்லடை அடைத்திருக்கிறதா, குழாய்க்குள் சிப்பி எவ்வளவு கட்டியிருக்கிறது என்று பார்க்க ஆளை அனுப்பவே கூடாது. ஓடும் பம்பின் வாயருகே போன டைவரை அழுத்த வேறுபாடு இழுத்து ஒட்டவைத்துவிடும், பக்கத்தில் ஆள் இருந்தாலும் பிரித்தெடுக்க முடியாது. பம்பை நிறுத்திப் பூட்டுப் போட்ட பிறகும், குழாய்க்குள் நுழைவது மேலே வர வழியில்லாத இறக்கம். இங்கே ஆர்.ஓ.வி.யைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், செலவு இரட்டிப்பானாலும் சரி. கேபிள் ஒரே நேர்கோட்டில் போவதால் சிக்கலும் குறைவு. பம்பைக் கருவிக்காகவும் நிறுத்தத்தான் வேண்டும், அதை மறக்காதீர்கள்.

இன்னொன்று, வருடாவருடம் ஒரே இடத்தை ஒரே கோணத்தில் பதிவது. ஒரு விரிசலின் பக்கத்தில் இரண்டு லேசர் புள்ளி விழும், புள்ளிகளுக்கிடையே உள்ள தூரம் தெரிந்ததால் விரிசலின் நீளம் படத்திலிருந்தே கிடைக்கும். மூன்று வருடப் படத்தை வரிசையாக வைத்துப் பார்க்கும் பொறியாளருக்கு டைவரின் வாய்மொழியைவிட அது பல மடங்கு மேல். இரும்புக்கு அனோடு (இரும்புக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் உலோகத் துண்டு) கட்டிப் பாதுகாத்திருந்தால், அது வேலை செய்கிறதா என்பதையும் கருவி நன்றாகச் சொல்லும். முனையால் இரும்பைத் தொட்டு மின்னழுத்தம் எடுக்க வேண்டும். வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 800 மில்லிவோல்ட் அல்லது அதற்கும் கீழே எதிர்மறையாக வந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். இதற்கு ஊசி முனை உரசினாலே போதும், சிப்பியைப் பெரிய அளவில் சுரண்ட வேண்டியதில்லை.

கண்ணை விட்டுக் காது

தூணின் அடி மண் அரித்துப் போகிறதா என்பதுதான் பாலத்துக்கும் அலைதடுப்புக்கும் உயிர்க்கேள்வி. ஓட்டம் தூணில் மோதிக் கீழே இறங்கிச் சுழன்று மண்ணைத் தோண்டும். 1987 ஏப்ரல் 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடைப் பாலம் விழுந்து 10 பேர் இறந்தது இதனால்தான். அதன்பிறகே அமெரிக்காவில் தண்ணீருக்கடியில் இருக்கும் பாலப் பகுதிகளை 60 மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்ற விதி வந்தது.

இந்தக் கேள்விக்கு ஆர்.ஓ.வி. கேமரா மிகச் சுமாரான கருவி. பள்ளத்தின் விளிம்பில் நின்று சேற்றைக் கிளப்பிக்கொண்டு ஒரு மீட்டர் தூரத்தைப் படம் பிடித்தால் பள்ளத்தின் உருவம் தெரியாது. சோனார் என்பது ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் பார்ப்பது; அதில் ஒரு வகையான, படகில் கட்டும் பல்கதிர் எதிரொலிமானி ஒரே ஓட்டத்தில் தரையை வரைந்துவிடும், கலங்கலைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. அதற்கும் காசில்லை என்றால் ஈயக்குண்டு கட்டிய கயிறு. ஒவ்வொரு தூணைச் சுற்றியும் எட்டுத் திசையில், அதே இடங்களில், வருடத்துக்கு இரண்டு முறை. பழைய முறை, சலிப்பான வேலை, ஆனால் எந்தத் தூண் மட்டும் மற்றவற்றிலிருந்து விலகுகிறது என்று அந்த நோட்டுப் புத்தகம் காட்டிவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: புயலில் தோண்டிய பள்ளம் கடல் அடங்கியதும் மணலால் மூடிக்கொள்ளும். பங்குனியில் அளந்து “பள்ளமே இல்லை” என்று வந்தால், மார்கழியில் இல்லை என்று ஆகாது. வாடை ஓய்ந்த கையோடு ஒருமுறை அளப்பது அதற்காகத்தான். ஆர்.ஓ.வி.யிலேயே சோனார் பொருத்தி வருபவர்கள் உண்டு. கலங்கலில் தூணைத் தேடிப் போக அது ஓட்டுநருக்கு உதவும், விரிசலை அதில் பார்க்க முடியாது.

வாங்குவதா, வாடகையா

சிறு ஆர்.ஓ.வி. ஒன்று சில லட்சத்தில் வந்துவிடும். அந்த விலையைப் பார்த்துச் சங்கங்களும் பண்ணைகளும் ஆசைப்படுவது இயல்பு. ஆனால் உப்புத் தண்ணீரிலிருந்து எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ரப்பர் வளையங்களைப் பார்த்து, கேபிளைச் சுருட்டி வைக்கும் ஒருவர் நிரந்தரமாக இல்லையென்றால் ஒரே பருவத்தில் அது அலமாரிப் பொருள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் வேலை இருப்பவர் வாங்கவே வேண்டாம். ஒரே கரையில் பல உறிஞ்சு குழாய்களோ, நிறையக் கூண்டுகளோ இருப்பவர்கள் கூட்டாக வாங்குவதில் பொருள் இருக்கிறது. மற்றபடி, நாலைந்து பேர் ஒரே வாரத்தில் வேலையைச் சேர்த்துக் கொடுத்து ஒரு குழுவை வரவழைப்பதுதான் லாபம். பயணச் செலவு பங்காகிவிடும். பேட்டரியின் கதையும் அதில் சேரும்: இந்தக் கருவிகளின் பெரிய லித்தியம் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஆகவே “நாளைக் காலை மதுரையில் இறங்குகிறோம்” என்று சொல்லும் குழுவிடம், பேட்டரி எப்படி வருகிறது என்று கேளுங்கள்.

அனுமதியை விட்டுவிடக் கூடாது. மன்னார் வளைகுடாவில் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா 21 தீவுகளைக் கொண்டது. அந்த எல்லைக்குள் எதை இறக்கவும் வனத்துறையிடம் கேட்க வேண்டும். எல்லைக்கு வெளியே இருக்கும் ஜெட்டித் தூணிலும் பவளம் முளைத்திருக்கலாம். பவளப் பாறை உயிரிகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், சிப்பி என்று நினைத்துச் சுரண்டித் தள்ளினால் வழக்காகும். முதலில் கருவியையோ கேமராவையோ இறக்கிப் பவளம் உள்ள தூண்களைக் குறித்துவிட்டு, மற்றவற்றில் டைவரை இறக்குவது நல்ல வரிசை. இலங்கை எல்லை பக்கத்தில் இருப்பதால் மண்டபம் கடலோரக் காவல்படைக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் ஒரு கடிதம் முன்னதாகப் போய்விட வேண்டும். தனுஷ்கோடிப் பக்கம் வள்ளத்திலிருந்து கேபிளோடு ஒரு மஞ்சள் பெட்டியை இறக்குவதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

என் தேர்வு

மீன் இறங்குதளத்துக்கு முதல் வருடம் தொழில்முறை டைவர்தான். பத்தில் ஒரு தூணிலாவது சிப்பியைச் சுரண்டி, கனம் அளந்து, ஓர் அடிப்படைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அலை தெறிக்கும் பட்டையை நீங்களே வள்ளத்தில் போய்ப் பாருங்கள். அதன்பின் வருடாந்தரச் சுற்றுக்கு, தண்ணீர் தெளிந்த காலமாக இருந்தால் ஆர்.ஓ.வி. போதும். படத்தில் சந்தேகம் வந்த தூணுக்கு மட்டும் மறுபடி டைவர்.

உறிஞ்சு குழாய்க்கு ஆர்.ஓ.வி., இதில் பேச்சே இல்லை. மீன் கூண்டுக்கு உள்ளூர்க் குளியாள், தலையில் கேமராவோடு. வலைக்கு இவ்வளவு அருகில் மோட்டாரை ஓட்டுவது வம்பு, கிழிசலை அவரே அங்கேயே தைத்துவிட்டும் வருவார். பாலத்தூணுக்கும் அலைதடுப்புக்கும் முதலில் சோனார் அல்லது ஈயக்குண்டு, அதில் விலகல் தெரிந்த இடத்துக்கு மட்டும் டைவர். மன்னார் வளைகுடாப் பக்கம் செயற்கைப் பாறைகளைப் பார்க்க வேண்டியவர்களுக்கு, தெளிந்த மாதங்களில் ஆர்.ஓ.வி. மிகப் பொருத்தம். அங்கே தொட வேண்டியதில்லை, பார்த்தால் போதும்.

யாரை அழைத்தாலும் நாள் கணக்கில் ஒப்பந்தம் போடாமல் தூண் கணக்கில் போடுங்கள். “வீடியோ கொடுக்கப்படும்” என்று மட்டும் எழுதியிருந்தால் பச்சைத் தண்ணீரின் வீடியோவும் அதில் அடங்கும். ஒவ்வொரு தூணுக்கும் எண், ஆழம், நேரம் திரையில் தெரிய வேண்டும். கான்கிரீட்டின் மேற்பரப்பு அல்லது அதன்மேல் இருக்கும் சிப்பியாவது அடையாளம் தெரியும்படி இருந்தால்தான் அந்தத் தூணுக்குப் பணம் என்று எழுதுங்கள். வெட்டித் தொகுத்த படத்தோடு வெட்டாத மூலப்பதிவும் ஹார்ட் டிஸ்கில் உங்கள் கைக்கு வர வேண்டும். வெள்ளைத் தட்டு எத்தனை அடியில் மறைந்தால் அன்றைய வேலை காத்திருப்புக் கட்டணம் இல்லாமல் தள்ளிப்போகும் என்பதையும் இருவரும் பேசி, அதே தாளில் எண்ணாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.